மடித்துப் போட்ட கேள்வி

புத்தகக் கடையில் இருந்த நம் எழுத்தாளரின் நாவலை, பன்னிரண்டு பிரதிகளையும் யாரோ ஒரே ஆள் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். உங்களில் பாதிப் பேர் அவளுடைய கணவர்மேல்தான் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நம் எழுத்தாளரும் அப்படித்தான் சந்தேகப்பட்டாள்.

எழுத்தாளர் என்று நாம்தான் மரியாதைக்குச் சொல்கிறோம். தெருவைக் கேட்டால், பல் டாக்டர் க்ளினிக்கில் பேர் கூப்பிடுகிற அம்மா என்பார்கள். நோயாளி வராத மத்தியான நேரங்களில், அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, நாலு வருஷமாக எழுதிய முதல் நாவல் வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. பெரிய பதிப்பகம் இல்லை. விளம்பரம், மேடை, பத்திரிகைக்குச் செய்தி எல்லாமே கணவரின் பொறுப்பு. அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். சுவரொட்டி அடிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் விற்கத் தெரியாதா என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை காலை. கிளை நூலகத்தில் பத்தரைக்கு நாவலுக்கான மூன்றாவது கூட்டம்.

"நிஜமா சொல்லுங்க. அந்தப் பன்னிரண்டும் நீங்க வாங்கலையா?"

"வாங்கி எங்கே ஒளிச்சு வைப்பேன்? இந்த வீட்டுல என் சாக்ஸுக்கே ஒரு இடம் கிடையாது."

நியாயமான பதில்தான். அவளும் ஏற்கெனவே பரண், கட்டிலடி, வண்டிப் பெட்டி என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டாள். புத்தகக் கடைக்காரரைக் கேட்டால், "நான் சாப்பிடப் போயிருந்தேம்மா, வந்து பார்த்தா உன் புத்தகம் வெச்சிருந்த தட்டு காலி" என்றதோடு சரி. கல்லாவில் இருந்த அவர் மாமனாருக்குக் கண்ணும் மட்டு, காதும் மட்டு.

கணவர் சலவைப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"கழுத்துல டோக்கன் இருக்கும். இன்னிக்காவது எடுத்துட்டுப் போடுங்க."

முதல் கூட்டத்தில் நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனோடு மேடையேறிய மனிதர் அவர். அங்கே எடுத்த படத்தில்கூட அது தெரிந்தது. சலவைக்கடை அவள் அக்காவுடையது. அக்கா டோக்கன் சீட்டை வெறுமனே குத்த மாட்டாள். மூன்றாக மடித்து, வால் நுனியை மடிப்பின் வாய்க்குள் செருகி, அதன்மேல்தான் ஊசி. நீராவி பட்டாலும் பிரியாது. அதைக் கிழிக்காமல் எடுப்பதற்கே அவருக்கு ரெண்டு நிமிஷம் பிடிக்கும்.

அவர் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் உள்ளூர் வாரப் பத்திரிகை வந்து விழுந்தது. மூன்றாம் பக்கத்தில் அவள் படம். பக்கத்திலேயே பெரிய எழுத்தில்: 'சொந்த வீட்டில் நடந்ததை நாவலாக்கிய க்ளினிக் ஊழியர்.'

அவள் ரெண்டு தடவை படித்தாள்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே. அந்த நிருபர்கிட்ட கற்பனைன்னு மூணு முறை சொன்னேன். இதை யார் சொன்னது?"

கணவருக்குத் திடீரென்று டோக்கன் ரொம்ப முக்கியமாகிவிட்டது. தலை நிமிரவில்லை.

"உங்களைத்தான் கேட்கிறேன்."

"இரு, சொல்றேன். அஞ்சு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. அப்புறம் ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்'னு. மறுநாளே போன் வந்துடுச்சு."

"பொய்யைச் சொல்லியா என் புத்தகத்தை விக்கணும்?"

"பொய்யின்னு ஏன் நினைக்கிற? ஊர்ல எங்கேயாவது நடந்திருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். டோக்கன் பாதி கிழிந்து காலரிலேயே தொங்கியது.

ஊர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அக்கா படித்தால்?

ஏன் இந்தப் பயம் என்பதை, நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இவரைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா அவளோடு பேச்சை நிறுத்தினார். ரெண்டு வருஷம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது அக்கா மட்டும். தங்கைக்குத் தகவல் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. "அப்பா என்னைக் கேட்டாராக்கா?" என்று அவள் அன்று ஒரே ஒரு முறை கேட்டாள். "இல்ல. அவர் யாரையும் கேட்கல" என்றாள் அக்கா. அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

கேட்காமலே போய்விட்டார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நாவலில் ஓர் அப்பாவைக் கேட்க வைத்தாள். 'சின்னவளுக்குப் போன் போடு' என்கிறார் அவர். பெரியவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, போடாமலே, 'அவ எடுக்கலப்பா' என்கிறாள். நூற்று எழுபத்து மூன்றாம் பக்கம். அதை எழுதிய மத்தியானம் க்ளினிக்கில் பல் வலியோடு வந்தவர்கள், இந்த அம்மாவுக்கும் பல் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு அழுதிருந்தாள்.

தன் ஆறுதலுக்காக அக்காவைக் கெட்டவளாக்கிவிட்டோமே என்ற உறுத்தல் வேறு. இப்போது அதை உண்மை என்று பத்திரிகையே அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டது.

*

நூலகத்தில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்தொன்பது தலை தேறியது. வெளியே தூறல் என்பதால் அதில் எத்தனை தலை இலக்கியத்துக்கு வந்தவை, எத்தனை நனையாமல் இருக்க வந்தவை என்று சொல்வதற்கில்லை. முதல் வரிசையில் பத்திரிகை நிருபர் கால்மேல் கால் போட்டிருந்தார். கடைசி வரிசையில், கதவுப் பக்கம், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா.

மூன்று கூட்டத்துக்கும் அக்கா வந்திருக்கிறாள். மூன்றிலும் அதே கடைசி வரிசை. சனிக்கிழமை என்றால் சலவைக்கடையில் கூட்டம் நெரியும். அந்தக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவள், முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறாள். நன்றாக இருந்தது என்றோ, என்னடி இப்படி எழுதிவிட்டாய் என்றோ எதுவும் கிடையாது. முதலில் இதைப் பாசம் என்று நினைத்தாள் தங்கை. ரெண்டாவது கூட்டத்திலேயே அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. பாசமாக வந்தவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். அக்கா சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தாள். நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்தின் திசைக்கே போகவில்லை.

பிறகு கேள்வி நேரம். இந்த நூலகத்தில் யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்க முடியாது. முன்பு ஒருவர் 'ஒரு சின்னக் கேள்வி' என்று எழுந்து நாற்பது நிமிஷம் பேசியதிலிருந்து, நூலகர் அம்மா வாசலில் ஒரு பெட்டி வைத்துவிட்டார். சீட்டில் எழுதிப் போட வேண்டும். அவர் எடுத்துப் படிப்பார்.

"முதல் கேள்வி. தினமும் எத்தனை மணிக்கு எழுதுவீர்கள்?"

பதில் சொன்னாள்.

"அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை க்ளினிக் உண்டா?"

சிரிப்பு. அதற்கும் பதில் சொன்னாள். உண்டு, ஒரு மணி வரை.

மூன்றாவது சீட்டைப் பிரிக்க நூலகர் கொஞ்சம் சிரமப்பட்டார். நகத்தால் நெம்பித்தான் திறந்தார்.

"நாவலில் அப்பா ரெண்டு தடவை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எல்லாம் கற்பனைதான்" என்றாள். மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தானாகவே வாயில் வந்துவிடும்.

நிருபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உண்மைச் சம்பவம்னுதானே எங்களுக்கு..."

"சீட்டுல எழுதிப் போடுங்க" என்று நூலகர் பெட்டியைக் காட்டினார்.

கையெழுத்துப் போடுகிற மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கியது. ரெண்டு தடவையா? ஆறு பேர் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருடைய பிரதியில் பேரை எழுதிவிட்டு, திருப்பிக் கொடுக்காமல் நூற்று எழுபத்து மூன்றைப் புரட்டினாள். ஒரு தடவை. அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த அத்தியாயத்தையும் பார்த்தாள். தான் எழுதியதையே தான் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது. இல்லை, அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்கிறார்.

"எழுத்துப் பிழையாம்மா?" என்றார் புத்தகத்துக்கு உரியவர்.

"இல்லங்க, சும்மா பார்த்தேன்" என்று கொடுத்தாள்.

யார் இந்த வம்பைக் கிளப்புவது? நிருபராகத்தான் இருக்க வேண்டும், கேள்வியைத் தூண்டில் மாதிரி போட்டுப் பார்க்கிறார். அல்லது கணவர். கூட்டம் சூடு பிடிக்கட்டும் என்று அவரே எழுதிப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு வரி சேர்த்தவருக்கு ஒரு சீட்டு எம்மாத்திரம்? தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் நூலகர் விட்டுப்போன சீட்டை எடுத்தாள். இடது கையால் எழுதினது போல எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. யார் கையெழுத்து என்று தெரியக் கூடாதென்று மெனக்கெட்டிருக்கிறார்கள்.

எழுத்தை மறைத்தவர்கள் மடிப்பை மறைக்க மறந்துவிட்டார்கள். காகிதத்தில் மூன்று கோடு பதிந்திருந்தது. அந்தக் கோட்டிலேயே அவள் திரும்ப மடித்தாள். வால் நுனி தானாகப் போய் வாய்க்குள் செருகிக்கொண்டது.

கடைசி வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலி. அதனடியில் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் மட்டும் இருந்தது.

"எங்கே கிளம்பிட்ட?" என்றார் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த கணவர்.

"அக்கா கடைக்கு."

சுருட்டிய கை நின்றது. "இப்பவேவா? இரு, நானும் வரேன். நீ தனியா போகாதே."

தனியாகப் போனால் என்னவாம்? அக்கா கடைக்குப் போக இவளுக்கு எதற்குக் காவல்? கேட்க நேரமில்லை. அவள் காத்திருக்கவில்லை.

*

சலவைக்கடை நாலு தெரு தள்ளி. நனைந்துகொண்டே போனாள். கதவில் 'மூடப்பட்டது' பலகை தொங்கினாலும் உள்ளே நீராவிச் சத்தம் கேட்டது. தள்ளினாள். உறை போட்ட உடைகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு போனால், அக்கா ஒரு நீலச் சட்டையை மேசைமேல் விரித்துக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் முடிஞ்சுதா?" என்றாள், ஏதோ இப்போதுதான் கேள்விப்பட்டவள் போல.

"நீதான் முடியறதுக்கு முன்னாடியே வந்துட்டியே."

"வேலை கிடக்கு. தலையைத் துவட்டு, துண்டு அங்கே இருக்கு."

துண்டு இருந்த பக்கம் திரும்பினாள். சுவரோரம், மேல் தட்டில், 'வாங்காத துணிகள்' என்று அக்கா எழுதி ஒட்டியிருப்பாள். மாதக்கணக்கில் யாரும் வந்து கேட்காத கோட்டும் கம்பளியும் அங்கேதான் கிடக்கும். இன்று அவற்றுக்கு நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக, துணிக்குப் போடுகிற அதே உறைக்குள் பன்னிரண்டு புத்தகங்கள். ஒவ்வோர் உறையிலும் ஒரு டோக்கன்கூடக் குத்தியிருந்தது. பழக்கம் யாரை விட்டது?

அவள் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த சீட்டை அக்காவின் மேசைமேல் வைத்தாள்.

"இது உன் மடிப்பு."

அக்கா சீட்டைப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவுக்கு நெஞ்சு என்ன பண்ணியதோ, கை மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது.

"யார் சொன்னது உனக்கு? அதை மட்டும் சொல்லு. அந்த நர்ஸா?"

"எந்த நர்ஸ்?"

"அப்பா வார்டுல இருந்தவதான். மூணு கூட்டத்துலயும் அவ முகத்தைத்தான் தேடினேன். தெரியாத மாதிரி கேட்காதே. போன் போட்ட மாதிரி காதுல வெச்சுக்கிட்டேன், எடுக்கலன்னு சொன்னேன். அப்படியே எழுதியிருக்கியே. பார்த்தவங்க சொல்லாம எப்படி எழுதினே?"

தங்கை தொங்கிய உடைகளின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதினேன்."

"பேப்பர்ல உண்மைன்னு போட்டிருக்கு."

"அது என் வீட்டுக்காரர் சேர்த்த வரி. புத்தகம் போகணும்னு சேர்த்தார். நான் ஒண்ணும் தெரிஞ்சு எழுதல. அப்பா கேட்டிருக்க மாட்டாரான்னு..." நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா ஒரு தடவை கேட்டார்னுதான் நான் எழுதியிருக்கேன். ரெண்டுன்னு எழுதவே இல்லை. நீ எங்கே படிச்சே?"

அக்காவின் கை இப்போதுதான் நின்றது. இஸ்திரிப்பெட்டி காலர்மேலேயே நின்றது.

"நான் அந்தப் பக்கத்துக்கு மேல படிக்கல" என்றாள் மெதுவாக. "முதல் தடவையை எழுதினவ ரெண்டாவதை விட்டிருப்பாளா? அடுத்த பக்கத்துல இருக்கும்னு மூடிட்டேன். வேற யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் கடையில இருந்ததை எல்லாம் வாங்கிட்டு வந்தேன்."

தீய்ந்த வாடை வந்தது. அக்கா சட்டென்று பெட்டியைத் தூக்கினாள். நீலக் காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு துணி கருகியதில்லை.

அப்பா கேட்டிருக்கிறார். கோபம் பின்னால் வந்தது, முதலில் வந்தது சந்தோஷம்தான். பதினோரு வருஷமாக, என்னை வேண்டாம் என்றே போய்விட்டார் என்று நினைத்து நினைத்துக் குமைந்தவளுக்கு, அந்தத் தீய்ந்த வாடைக்கு நடுவில் நின்று சிரிக்கலாம் போலிருந்தது. அப்புறம்தான் எதிரில் நிற்பவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

"ஏன்க்கா அப்படிச் செஞ்சே?"

"ரெண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கிட்டது நான். ஒரு நாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீ வந்து ஒரு நிமிஷம் நின்னா போதும், எல்லாம் நீயா ஆயிடுவே. அந்த ஒரு மத்தியானம் பொறுக்க முடியல, அவ்வளவுதான். மறுநாள் கூப்பிடலாம்னுதான் இருந்தேன்." அக்கா கருகிய காலரைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்தால் போகிற கறையா அது?

"ரெண்டாவது தடவை? அப்பவும் நான் எடுக்கலன்னு சொல்லிட்டியா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள்.

"சொல்லுக்கா. இனிமே எதை மறைக்கப் போறே?"

"ரெண்டாவது தடவை நான் பொய் சொல்லல. வார்டு சுவத்துல ஒரு காலண்டர் தொங்கிச்சு. உன் வீட்டுக்காரர் அச்சகத்துல அடிச்சது. கீழே போன் நம்பர் இருந்தது. அப்பா அதைக் கை காட்டினார். 'அவ எடுக்கலன்னா அந்தப் பையனுக்குப் போடு'ன்னார். அவரை அந்தப் பையன்னுதானே அப்பா சொல்வார்? போட்டுக் கொடுத்தேன். அப்பாவே பேசினார். ரெண்டு நிமிஷம் இருக்கும். வெச்சதும், 'கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டான்'னு என்கிட்ட சொன்னார்."

கடைக்குள் நீராவி உஸ்ஸென்று ஒரு முறை வெளியேறி அடங்கியது.

"சாயங்காலம் வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தார்" என்றாள் அக்கா. "நீ வரல. அதை உன்கிட்ட சொல்லணும்னா முதல் தடவையையும் சொல்லணும். அதனால நானும் வாயைத் திறக்கல."

காலையில் வீட்டில் கேட்ட பதில் இப்போது நினைவுக்கு வந்தது. பொய்யின்னு ஏன் நினைக்கிற?

கதவு திறந்தது. தோளில் பேனர் சுருளோடு, சட்டையெல்லாம் நனைந்து, கணவர் மூச்சு வாங்க நின்றார். பாதி டோக்கன் இன்னும் காலரில் தொங்கியது. ஓடி வந்திருக்கிறார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்தார்.

அவள் கேட்டாள். குரல் உயரவில்லை, க்ளினிக்கில் அடுத்த பேரைக் கூப்பிடுகிற அதே குரல். "அன்னிக்கு எங்கப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்?"

அவர் பேனரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லிட்டீங்களா?"